18 மில்லிமீட்டர்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட். மடித்தும் பிரித்தும் நைந்துபோன தாளை விளக்கடியில் வைத்து எடுத்திருக்கிறாள். நடுவில் மடிப்புக் கோடு, ஓரத்தில் அவள் கட்டைவிரல். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க." படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். சாக், அதாவது கரு வளரும் நீர்ப்பை, கருப்பைக்குள் இருக்கிறது. சராசரி விட்டம் 17 மி.மீ. அதற்குள் கருவுக்குத் துணையான சின்னப் பை, யோக் சாக், தெரிகிறது. கரு தெரியவில்லை. கடைசி வரியில் தடித்த எழுத்தில் 'பிளைட்டட் ஓவம்'. கரு வளராமல் நின்றுவிட்டது என்று பொருள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னது அதைக் கலைத்து எடுக்கத்தான்.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் ரிப்போர்ட்டிலும் இதே இரண்டு வார்த்தைகள் இருந்தன. எண் மட்டும் 18. உடனே அவளைக் கூப்பிட்டேன். "வயித்து வலி இருக்கா? ரத்தம் படுதா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லைக்கா" என்றாள். "அப்போ நாளைக்கு என்ன அவசரம்? இன்னொருத்தர் பார்க்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது சரியா, அவளுக்கு வீண் ஆசையை ஊட்டிவிட்டேனா என்று விடியும்வரை உருண்டுகொண்டிருந்தேன். ஏனென்றால் என் விஷயத்தில் முதலில் பார்த்த டாக்டர் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. "பதினோரு நாள் வீணாத்தானே காத்திருந்தே" என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு எனக்குள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவும் அந்தத் தேடல்தான்.

இரண்டு நிமிஷத்தில் ஒரு முடிவு

அது எனக்கு முதல் கர்ப்பம். கணக்குப்படி ஏழு வாரம் இரண்டு நாள். அறை இருட்டாக இருந்தது, திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகத்தில் விழுந்த நீல வெளிச்சமும், பொத்தானை அழுத்தும் சத்தமும்தான். ஒரு முறை அளந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இந்த சைஸுக்குக் கரு தெரியணும்மா. தெரியலை. வளர்ச்சி நின்னுடுச்சு" என்றார். மனசு கல்லான மனுஷர் இல்லை அவர். ஜெல்லைத் துடைக்கத் தாளை அவரே எடுத்துக் கொடுத்தார். வயசு இருக்கிறது, அடுத்தது நல்லபடியாக வரும் என்று தேற்றினார். மறுநாள் காலை கிளீன் பண்ணிவிடலாம் என்று நேரமும் குறித்துக் கொடுத்தார். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே போய் வெளியே வர எல்லாம் சேர்த்து ஆறேழு நிமிஷம் இருக்கும். அதில் திரையைப் பார்த்தது இரண்டு நிமிஷம்.

வாசலுக்கு வந்ததும் அம்மா ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். அதிலிருந்த ஒரு சொல்லும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் என் உடம்பை அவளுக்குத் தெரியும். "உனக்கு எப்பவும் நாள் தள்ளித் தள்ளித்தானே வரும். அதை அவர் கேட்டாரா?" என்றாள். கேட்கவில்லை. கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் கேட்டிருந்தார். வாரக் கணக்கு என்பது அந்தத் தேதியிலிருந்து போடுவது. மாதம் 28 நாள், 14-ஆம் நாள் முட்டை வெளிவரும் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. 35 நாளும் 40 நாளும் தள்ளி வருகிறவளுக்கு முட்டையும் அந்த அளவுக்குத் தாமதமாகத்தான் வெளிவரும். காகிதத்தில் ஏழு வாரமாக இருப்பது உள்ளே ஆறு வாரமாக இருக்கலாம். ஆறு வாரத்தை ஒட்டித்தான் கருவே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பிற்பாடு. அன்றைக்கு அம்மா கேட்ட ஒரு கேள்விதான் எங்களை இன்னொரு ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனது.

அங்கே இருந்தவர் வயதான பெண் டாக்டர். முந்தைய ரிப்போர்ட்டை வாங்கி, படிக்காமல் கவிழ்த்து வைத்தார். முதலில் நான் பார்க்கிறேன், அப்புறம் அதைப் படிக்கிறேன் என்றார். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எப்போதாவது தவறியதுண்டா என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டார். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தி உள்வழி ஸ்கேன் செய்தார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு அவரை விதை மாதிரித் தெரிந்தது. "கறுப்பா இருக்கிறது நீர். இதுதான் சாக். கருப்பைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கு, முதல்ல இது முக்கியம்" என்றார். அந்தக் கறுப்பின் ஓரத்தில், கூரான பென்சிலால் போட்ட மாதிரி ஒரு சின்ன வளையம். "இது யோக் சாக். நஞ்சுக்கொடி வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் கருவுக்குத் துணை."

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே முடியாது. திரையில் கூட்டல் குறி ஒன்றை சாக்கின் ஒரு கரையில் வைத்தார், இன்னொன்றை எதிர்க் கரையில். நடுவே புள்ளிக் கோடு ஓடியது. நீளம், உயரம், அகலம் என்று மூன்று பக்கமும் அளந்தார். மூன்றின் சராசரி 17.6 என்று வந்தது. கருவியை லேசாக வெளியே இழுத்து, கையைத் திருப்பி, மறுபடி உள்ளே நகர்த்தி முதலிலிருந்து அளந்தார். இந்த முறை 19.1. எண்ணை என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். "அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. அதுக்குள்ள ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்துடுச்சா? இல்லை. ஒரே மெஷின், ஒரே கைதான். ஆனா கைன்னா இவ்வளவு மாறும். 25 வந்தும் உள்ளே ஒண்ணும் இல்லைன்னா நான் சொல்லிடுவேன். இந்த அளவுல சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். நல்ல சேதி என்று நினைத்துவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நம்பிக்கை கொடுக்கிறேன்னு எடுத்துக்காதீங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன், அவ்வளவுதான். பதினோரு நாள் கழிச்சு வாங்க. நடுவுல நிறைய ரத்தம் போனாலோ, வலி தாங்கலைன்னாலோ, தலை சுத்தினாலோ நாள் பார்க்காதீங்க, உடனே வந்துடுங்க." ரிப்போர்ட்டில் 'பிளைட்டட் ஓவம்' என்று எழுதவில்லை. கர்ப்பம் கருப்பைக்குள் உள்ளது, நிலை இப்போது உறுதி செய்ய முடியாது, 11 நாள் கழித்து மறு ஸ்கேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கையை நம்பாமல் வந்த கருவி

அந்தப் பதினோரு நாளில் ஆரம்பித்த வாசிப்பு இன்னும் நிற்கவில்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனாலும் என் வயிற்றுக்குள் அளக்கப்பட்ட ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைத்தேன். தேடிப் போனபோது முதலில் அகப்பட்டது ஒரு காரின் பின்பெட்டி.

1955 ஜூலை. கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு மாட்டிறைச்சித் துண்டை எடுத்து வைத்திருந்தார்கள். போரின்போது விமானப் படையில் இருந்த டொனால்டுக்கு ரேடாரும் சோனாரும் பழக்கம். நீர் நிறைந்த கட்டிக்கு ஒரு மாதிரியும், ஃபைப்ராய்டு என்ற கெட்டியான தசைக் கட்டிக்கு வேறு மாதிரியும் எதிரொலி திரும்புவதை அன்றைக்கு அவர் கண்ணால் பார்த்தார். பிறகு கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர், இந்த வேலையைக் கேள்விப்பட்டுத் தாமாகவே டொனால்டைத் தொடர்புகொண்டார். ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்தார். மூவரும் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7-ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பெண். வயிறு வீங்கி வந்தவர். வயிற்றில் புற்றுநோய், அறுவை சிகிச்சை செய்து பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். கை வைத்துப் பார்த்துவிட்டார்கள், எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டார்கள். டொனால்டின் குழு ஒலி அலையை அனுப்பிப் பார்த்தபோது தெரிந்த எதிரொலி அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. அது ஒரு பெரிய சினைப்பைக் கட்டியாக இருக்கலாம் என்று தோன்றியது. அறுத்துப் பார்த்தார்கள். கட்டியேதான். எடுத்துவிட்டார்கள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். முடிந்தது என்று எழுதி மூடிய ஒரு உயிரை மறுபடி திறந்து பார்க்க வைத்த கருவி இது. நம் எல்லோர் வயிற்றிலும் இன்றைக்கு உருளும் கருவியின் பிறப்பே அப்படிப்பட்டது. அனுபவம் மிகுந்த கைகூடத் தவறலாம் என்று காட்டத்தான் அது வந்தது.

அந்தக் காலத்தில் வயிற்றுக் குழந்தையைப் பார்க்க வேறு வழி எக்ஸ்ரேதான். கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் அலைஸ் ஸ்டூவர்ட் 1956-லும் 1958-லும் எழுதியபோது அவர் சொன்னதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. ஒலி அலைக்கு வழி பிறந்ததில் அவருக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண்ணுக்கு வந்த அதிகாரம்

பிறகு ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதன் வழியாகக் கருப்பையை நன்றாகப் பார்க்கலாம் என்று டொனால்ட் 1963-ல் எழுதினார். தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறோமே, அது அங்கே ஆரம்பித்தது. 1973-ல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்து அதன் வயதைச் சொல்லும் முறையை வெளியிட்டார். ஐம்பது வருஷம் தாண்டியும் முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு நாள் குறிப்பது அந்த அளவை வைத்துத்தான். சில நாள் முன்னே பின்னே தவிர மாறாது. ஸ்கேனில் எனக்குத் தெரிந்து இவ்வளவு நம்பகமான அளவு வேறில்லை.

அதில்தான் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. கருவின் நீளம் இவ்வளவு துல்லியமாக வயதைச் சொன்னதும் மில்லிமீட்டருக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. வயதைச் சொல்லும் அளவு உயிர் இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லிவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழந்தையின் வயதில் மூன்று நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. உயிர் இருக்கிறதா என்பதில் மூன்று மில்லிமீட்டர் தவறினால் நல்லபடியாக வளர்கிற ஒரு கர்ப்பம் போய்விடும். இரண்டுக்கும் ஒரே மாதிரியான கண்டிப்பு போதாது. ஆனால் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் சாக் 16 மி.மீ. வந்தும் கரு தெரியவில்லை என்றால் முடிந்தது என்றார்கள். பிரிட்டனில் 20 மி.மீ. என்றார்கள். என் கர்ப்பம் 18. ஒரு நாட்டில் இறந்தது, இன்னொரு நாட்டில் பொறுத்துப் பார்க்க வேண்டியது. ஒரே கருவுக்கு இப்படி இரண்டு விதி இருக்க முடியும் என்று படித்த அன்றைக்கு நான் தாளை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த எண்களைத் திரும்ப எடுத்துச் சோதித்தது 2011-ல். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டாம் போர்னும் அவரோடு இருந்தவர்களும் நிலை உறுதியாகாத 1060 கர்ப்பங்களை 11-14 வார ஸ்கேன் வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவசரப்பட்டுக் கலைக்காமல், எது தங்கியது எது தங்கவில்லை என்று காத்திருந்து எழுதினார்கள். யோக் சாக்கும் கருவும் தெரியாத சாக்குகளை 16 மி.மீ. என்ற கோட்டை வைத்துப் பிரித்திருந்தால், பின்னால் உயிரோடு தொடர்ந்த கர்ப்பங்களில் 4.4 சதவீதத்தை இறந்தது என்று எழுதியிருப்பார்கள். 20 என்று வைத்தாலும் 0.5 சதவீதம். 21 என்று வைத்தால்தான் அவர்கள் பார்த்தவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை.

அப்படியானால் 21 என்று வைத்துக்கொண்டால் போதாதா? இந்த இடத்தில்தான் அந்தப் பெண் டாக்டர் இரண்டு முறை அளந்ததன் பொருள் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதே சமயத்தில் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரே சாக்கை இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்திருந்தார்கள். ஒருவர் 20 என்று அளந்ததை இன்னொருவர் 16.8 என்றும் அளக்கலாம், 24.5 என்றும் அளக்கலாம். கருவியில் கோளாறில்லை. உள்வழி ஸ்கேனின் ஒலி அலை கால் மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமானது. சாக் உருண்டையாக இல்லாததும், மூத்திரப்பையோ குடலோ அழுத்தும்போது அது நசுங்குவதும், கரை எங்கே முடிகிறது என்று கண் தீர்மானிப்பதும்தான் வித்தியாசத்தைக் கொண்டுவருகின்றன. ஆகவே 21-க்கு மேல் கை நடுக்கத்துக்கும் இடம் விட்டு 25 என்று வைத்தார்கள். கரு தெரிந்தும் துடிப்பு இல்லை என்றால் கருவின் நீளம் 7 மி.மீ. என்று வைத்தார்கள். 2012-ல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதலில் இது வந்தது. ஒரே ஸ்கேனை வைத்து நூறு சதவீதம் சொல்லிவிட முடியாது, இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் அல்லது குறைந்தது ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் கூட்டிய குழுவும் 2013-ல் வெளியிட்ட அறிக்கையில் அதே 25, அதே 7 என்று ஒத்துக்கொண்டது. யோக் சாக் தெரிந்து கரு தெரியவில்லை என்றால் 11 நாள், யோக் சாக்கும் தெரியவில்லை என்றால் 14 நாள் என்று காத்திருப்புக்கும் கணக்கு வைத்தார்கள். என் பதினோரு நாள் அந்தத் தாளிலிருந்து வந்தது. 2015-ல் 2845 பெண்களை வைத்து மறுபடி சோதித்தபோதும் அந்த எண்கள் நின்றன.

கருத்தரிப்பு மருத்துவத்திலும் பிறவி ஊனங்களைக் கண்டுபிடிப்பதிலும் ஸ்கேன் செய்த பெரிய காரியங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். முப்பரிமாணப் படத்தில் குழந்தை கொட்டாவி விடுவதைக் காட்டி மகிழ்கிறார்கள். மகிழட்டும். ஆனால் என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த ஆராய்ச்சியில் மிகப் பெரியது, தன் கை எவ்வளவு தவறுகிறது என்று சில பேர் உட்கார்ந்து அளந்ததுதான். அதில் பார்க்க அழகான படம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதனால் பிறந்த குழந்தைகள் எங்கேயோ இருக்கிறார்கள். தங்களை ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பதினோரு நாள்

காத்திருப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நாலு நாள் ஒவ்வொரு முறை குளியலறைக்குப் போகும்போதும் உள்ளாடையைப் பார்த்துப் பார்த்து வந்தேன். குமட்டல் வந்தால் சந்தோஷம், வராத காலையில் பயம். ஏழாம் நாளிலிருந்து மார்பு வலி குறைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கணவர் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு "இன்னும் எத்தனை நாள்" என்று கேட்பார். அவருக்கும் தெரியும் எத்தனை நாள் என்று.

பதினோராம் நாள் அதே டாக்டர், அதே அறை, திரை என் பக்கம். சாக் 21 ஆகியிருந்தது. யோக் சாக் முன்னைவிடப் பெரிதாகி, வட்டம் குலைந்து நெளிந்திருந்தது. கரு இல்லை. அவர் எதுவும் சொல்லாமல் பக்கத்து அறையிலிருந்த இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் தனியாக அளந்து பார்த்தார். அப்புறம் இவர் என் பக்கம் திரும்பி, "இன்னைக்குச் சொல்றேன்மா. இது நின்னுடுச்சு" என்றார். ஏன் நின்றது என்று கேட்டேன். ஆரம்பத்திலேயே நிற்பவற்றில் பெரும்பாலும் குரோமோசோம் கோளாறுதான் காரணம், நீங்கள் செய்ததாலோ செய்யாததாலோ நடந்ததில்லை என்றார். தானாகப் போகும்வரை பொறுக்கலாம், மாத்திரை எடுக்கலாம், உறிஞ்சி எடுத்துவிடலாம், மூன்றில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் மாத்திரை என்றேன். அன்றைக்கு நானாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

ஆக, முதல் டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. சொந்தத்தில் ஒரு பெரியம்மா அதைத்தான் சொன்னார்: "அன்னைக்கே முடிச்சிருந்தா இத்தனை நாள் அவஸ்தை இல்லையே." அவர் சொன்னதில் அன்பு இருந்தது. காத்திருப்பு ஒரு வதை என்பதும் உண்மை. அந்த நாட்களில் பெண்கள் படும் பதற்றத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் டாக்டர் சொன்னது சரியாக இருந்தது, ஆனால் சொன்ன அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முடியாத நாளில் சொன்னார். அது பலித்ததால் அவர் தெரிந்து சொன்னதாக ஆகிவிடாது. மறுநாள் நான் வெறும் வயிற்றோடு போயிருந்தால் இழப்பு ஒன்றுதான். ஆனால் எட்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கேள்வி என் பக்கத்தில் படுத்திருக்கும். இன்றைக்கு எனக்குத் துக்கம் இருக்கிறது, அந்தக் கேள்வி இல்லை. பதினோரு நாளில் எனக்குக் கிடைத்தது அது. அதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பிளைட்டட் ஓவம்' என்ற சொல்லை ரிப்போர்ட்டுகளிலிருந்து எடுத்துவிட்டால் நல்லது. பயிருக்கு நோய் விழுந்து பட்டுப்போவதைச் சொல்லும் வார்த்தை அது. உள்ளே இருந்தது பட்டுப்போன முட்டை என்று படித்த நாள் முதல் என் உடம்பையே நான் குறையாகப் பார்த்தேன். கரு ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது என்று எழுதினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

வியாழக்கிழமை

சித்தி மகள் மறுநாள் காலை போகவில்லை. நானும் அவளுமாக வேறொரு சோனாலஜிஸ்ட்டைப் பார்த்தோம். அவள் கருவுற்ற மாதம் அவளுக்குக் குழந்தைக்காகச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. முட்டை வளர்வதை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் செய்து பார்த்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளைப் பழைய ஃபைலிலிருந்து தேடி எடுத்து வரச் சொல்லியிருந்தேன். 1979-ல் ஹேக்கலோயர், ராபின்சன் முதலான ஆய்வாளர்கள் முட்டைப் பை பெரிதாவதையும் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுவதையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகப் போகின்றன என்று காட்டினார்கள். முட்டை எப்போது முதிர்கிறது என்று திரையில் பார்த்தே சொல்லலாம் என்ற வழக்கத்துக்கு அது பெரிய அடிப்படை. அதே ராபின்சன்தான், கருவின் நீளத்தை அளந்தவர். அவளுடைய சீட்டில் முட்டை வெளிவந்தது 19-ஆம் நாள் என்று பேனாவால் எழுதியிருந்தது. முதல் ரிப்போர்ட்டில் அந்த ஐந்து நாளை யாரும் கழிக்கவில்லை. ஆறு வாரம் ஆறு நாள் என்று போட்டிருந்தது உண்மையில் ஆறு வாரம் ஒரு நாள்.

புதிய டாக்டர் அளந்தபோது 15.8 வந்தது. முந்தைய நாள் 17. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள், சுருங்கிவிட்டதோ என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு கை, இரண்டு எண். டாக்டரும் அதையேதான் சொன்னார். யோக் சாக் இருக்கிறது, சாக் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, கரு இன்னும் தெரியவில்லை. முதல் ஸ்கேனிலிருந்து பதினோரு நாள் கழித்து வரச் சொன்னார். துடிப்புச் சத்தத்தைக் கேட்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, இத்தனை சின்ன வாரத்தில் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் போட மாட்டோம், கரு வந்தால் அசைவைக் கோட்டுப் படமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

என் பழைய ஸ்கேன் படங்கள் இரண்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மாதிரித் தாள் சூடு பட்டால் கறுக்கும், நாளாக ஆக வெளுக்கும். அவரை விதை மாதிரி இருந்த கறுப்பு இப்போது சாம்பலோடு சாம்பலாகிவிட்டது. கூட்டல் குறிகள் மட்டும் இன்னும் தெரிகின்றன. நேற்று அவள் வீட்டுக்கு வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. விரலால் அந்தப் புள்ளிக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உனக்கு அன்னைக்குப் பயமா இருந்துச்சாக்கா?" என்றாள். இருந்தது என்றேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுக்கு ஸ்கேன். நானும் கூடப் போகிறேன்.